மருந்து இருக்கிறது, மணி பார்க்கிறோமா?

(செங்கோட்டையில் நடந்த பெண்கள் நலக் கூட்டம் ஒன்றில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளியே நல்ல சாரல். இந்தச் சாரலில் குற்றாலத்துக்குப் போய்த் தலையைக் கொடுக்காமல் என் பேச்சைக் கேட்க வந்திருக்கிறீர்களே, அதற்கே முதலில் நன்றி. ஆண்களும் கணிசமாக வந்திருக்கிறீர்கள். நோட்டீஸில் தலைப்பைப் படித்துவிட்டு வந்தீர்களா, படிக்காமல் வந்தீர்களா என்று கேட்க மாட்டேன். எப்படி வந்திருந்தாலும் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். இன்று பேசப்போவதில் பாதி உங்களுக்குத்தான்.

இன்றைய பொருள், பெண்ணின் ரத்தப்போக்கு. மாதவிலக்கில் அளவுக்கு மீறிப் போகிற ரத்தம், பிள்ளை பெற்றபின் நிற்காமல் போகிற ரத்தம், அறுவை அரங்கில் போகிற ரத்தம். மூன்றும் வேறு வேறு. ஆனால் மூன்று இடத்திலும் கைகொடுக்கிற ஒரு மருந்து உண்டு. டிரானெக்ஸாமிக் அமிலம் என்று பெயர். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம், வேதியியல்காரர்கள் வைத்த பெயர் அது. விலை பெரிதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2011 முதல் இருக்கிறது. கண்டுபிடித்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அப்படியிருந்தும் ரத்தப்போக்கால் பெண்கள் ஏன் சாகிறார்கள்? ரத்தசோகையில் ஏன் வெளுத்துப்போய் நடமாடுகிறார்கள்? என் பேச்சு முழுக்க இந்தக் கேள்விதான்.

முதலில் அந்த மருந்தைத் தந்தவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு பெண். பெயர் உட்டாகோ ஒக்காமோட்டோ. 1918இல் பிறந்த ஜப்பானியர். போருக்குப் பின் டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்தில் கணவர் ஷோசுகேயோடு சேர்ந்து ஆராய்ச்சியில் இறங்கினார். கையில் பணம் கிடையாது. எதை வைத்து ஆராய்வது? ரத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். ஏன் தெரியுமா? போதாவிட்டால் தங்கள் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே! மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை செய்தார் அந்த அம்மா. ஒருமுறை மருத்துவ மாநாடு ஒன்றுக்குப் போனபோது, இது பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான இடமில்லை என்று வெளியே போகச் சொன்னார்களாம். அவரே பின்னாளில் சொன்னது. மாநாடு எதைப் பற்றி என்கிறீர்கள்? குழந்தை மருத்துவம்!

அவர்கள் இருவரும் 1962இல் இந்த மருந்தைப் பற்றி எழுதினார்கள். பிரசவ ரத்தப்போக்கில் சாகும் தாய்மாரைக் காப்பாற்ற வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. கோபே நகருக்குப் போன பிறகு அங்கிருந்த பிரசவ மருத்துவர்களிடம், இதைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டார். ஒருவரும் அசையவில்லை. பல்லுக்கும் மூக்குக்கும் மாதவிலக்குக்கும் பயன்பட்ட மருந்து, பெரும்பாலும் பிரசவ அறை வாசலிலேயே நின்றது. எத்தனை காலம்? 2017 வரை. அந்த ஆண்டுதான் லண்டனிலிருந்து நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. 21 நாடுகள், 193 மருத்துவமனைகள், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு ஏற்பட்ட 20,060 தாய்மார்கள். அந்த முடிவைப் பார்க்க உட்டாகோ அம்மா இல்லை. முந்திய ஆண்டு, 2016 ஏப்ரலில், 98 வயதில் காலமாகியிருந்தார்.

சரி, இந்த மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது? பலரும் இது ரத்தத்தை உறைய வைக்கிற மருந்து என்று நினைக்கிறார்கள். உறைய வைப்பது நம் உடம்பு. குளத்துக்கரை உடைந்தால் ஊர் கூடி மண்மூட்டை அடுக்குகிறோம் அல்லவா? காயம்பட்ட இடத்தில் உடம்பு அப்படித்தான் ஃபைப்ரின் என்ற இழைகளைப் பின்னி அடைக்கிறது. கூடவே, அடைத்ததைக் கரைக்கும் பிளாஸ்மின் என்ற பொருளையும் அதே உடம்பு உண்டாக்குகிறது. நல்லதற்குத்தான். இல்லையென்றால் உறைந்தது உறைந்தபடியே கிடந்து குழாயை அடைத்துவிடும். ஆனால் உடைப்பு இன்னும் சரியாகாத நேரத்தில் ஒருவன் வந்து மூட்டைகளை ஒவ்வொன்றாக உருவினால் என்ன ஆகும்? பிரசவ நேரத்திலும் பெருங்காயத்திலும் அதுதான் நடக்கிறது. உருவுகிறவன் கையைப் பிடித்துக்கொள்வதுதான் டிரானெக்ஸாமிக் அமிலத்தின் வேலை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மூட்டையே அடுக்காத இடத்தில் அதனால் ஒரு பயனும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது பிரசவ அறைக்கு வாருங்கள்.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் பாய்கிறது. தாயின் உடம்பில் மொத்தமே ஐந்தாறு லிட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், நெஞ்சு திக்கென்கிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்ததும் கர்ப்பப்பை கல்லைப் போல் இறுகி, அந்த ரத்தக்குழாய்களைத் தானே நெரித்து மூட வேண்டும். வயிற்றின் மேல் கை வைத்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும். இறுகினால் நிம்மதி. சோறு பிசைந்ததுபோல் குழைவாக இருந்தால் அந்த நொடியிலிருந்து ஓட்டம்தான்.

இறுகச் செய்யத்தான் ஆக்சிடோசின் ஊசி. பிள்ளை பிறந்தவுடன் எல்லாத் தாய்க்கும் போடுகிறோம். அது போதாதபோது மெத்தர்ஜின், மிசோப்ரோஸ்டால், கார்போப்ரோஸ்ட் என்று அடுத்தடுத்து இருக்கின்றன. ஆக்சிடோசினுக்கு ஒரு பலவீனம் உண்டு, வெயில் ஆகாது. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் நின்றுபோன இடத்தில் கிடந்த ஊசி, பார்வைக்கு ஊசிதான், வேலைக்கு வெறும் தண்ணீராகிவிடலாம். டிரானெக்ஸாமிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. அலமாரியில் வைக்கலாம், ஆம்புலன்ஸில் வைக்கலாம். ஆனால் ஆக்சிடோசின் செய்வதை இது செய்யாது, இது செய்வதை ஆக்சிடோசின் செய்யாது. அது கர்ப்பப்பையை இறுக்குகிறது, இது உறைந்ததைக் காக்கிறது. இரண்டும் வேண்டும்.

2017 ஆய்வு என்ன சொன்னது? பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் ரத்தப்போக்கால் இறந்தவர்கள் 89 பேர். வெறும் உப்புநீர் ஊசி பெற்றவர்களில் 127 பேர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாவு குறைந்தது. மூன்று மணி நேரம் கடந்து கொடுத்தபோது? பயனே தெரியவில்லை. அடுத்த ஆண்டு, விபத்துக் காயக்காரர்களையும் தாய்மாரையும் சேர்த்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பயன் 10 சதவீதம் தேய்ந்துகொண்டே போகிறது. அதே மருந்துதான், அதே குப்பிதான், அதே விலைதான். மணி மட்டும் மாறுகிறது!

உலக சுகாதார நிறுவனம் 2017இலேயே விதியைத் தெளிவாக எழுதிவிட்டது. ரத்தப்போக்கு என்று தெரிந்தவுடன் ஒரு கிராம், நரம்பில், பத்து நிமிடத்தில் மெதுவாக. அரை மணி நேரம் கழித்தும் நிற்காவிட்டால், அல்லது 24 மணி நேரத்துக்குள் மறுபடி தொடங்கினால், இன்னொரு கிராம். படிக்க எத்தனை எளிது. ஆனால் 'ரத்தப்போக்கு என்று தெரிந்தவுடன்' என்கிறார்களே, எப்போது தெரிகிறது? யாருக்குத் தெரிகிறது? எப்படித் தெரிகிறது?

இதுதான் விவகாரம். 500 மில்லி தாண்டினால் ஆபத்து என்று புத்தகம் சொல்கிறது. யார் அளந்தார்கள்? கொஞ்சம் துணியில் ஊறியிருக்கும், கொஞ்சம் மேசைக்கு அடியில் வாளியில் விழுந்திருக்கும், கொஞ்சம் பனிக்குட நீரோடு கலந்து தரையில் ஓடியிருக்கும். கண்ணால் பார்த்துவிட்டு "சாதாரணமாத்தான் போகுது சிஸ்டர்" என்போம். நானும் சொல்லியிருக்கிறேன், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். கண் எவ்வளவு ஏமாறுகிறது என்பதை அளந்து காட்டியது எந்த ஊர் தெரியுமா? அமெரிக்கா இல்லை. கர்நாடகத்தில் பெலகாவி. அங்குள்ள ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, தாயின் அடியில் விரிக்கிற ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் பயன்படுத்தினார்கள். அதன் நுனி ஒரு பை. பையில் மில்லி கணக்குக் கோடுகள். ரத்தம் வழிந்து பையில் இறங்குகிறது, கோட்டைப் பார்த்து எழுத வேண்டியதுதான். 2006இல் வந்த முடிவு: பையின் அளவைவிடக் கண்ணின் அளவு 33 சதவீதம் குறைவு. மூன்றில் ஒரு பங்கு ரத்தம் யார் கணக்கிலும் வராமல் போய்க்கொண்டிருந்தது!

அதே பெலகாவி மாவட்டக் கிராமங்களில் இன்னொன்றும் செய்தார்கள். வீடுகளிலும் துணை சுகாதார நிலையங்களிலும் பிரசவம் பார்க்கும் செவிலியர்களிடம் மிசோப்ரோஸ்டால் மாத்திரையைக் கொடுத்தார்கள். 1,620 பெண்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 12 சதவீதத்துக்கு அதிக ரத்தப்போக்கு, மருந்து பெற்றவர்களில் 6.4 சதவீதம். மருத்துவர் ஒருவர்கூட அருகில் இல்லாத இடத்தில், ஒரு செவிலியர் கையால் பாதியாகக் குறைந்தது. எங்கள் மருத்துவர் கூட்டத்துக்கு இது கொஞ்சம் கசக்கும். கசக்கட்டும்.

2023இல் ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில், 80 மருத்துவமனைகளில், இந்தப் பையையும் மருந்தையும் ஒன்றாக இணைத்தார்கள். பையில் அளவு பார், கோடு தாண்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்: கர்ப்பப்பையைத் தேய்த்துவிடு, ஆக்சிடோசின் கொடு, டிரானெக்ஸாமிக் கொடு, சலைன் ஏற்று, கிழிந்திருக்கிறதா என்று உள்ளே பார். புது மருந்து ஒன்றும் கிடையாது. கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் பழைய முறையில் 4.3 சதவீதமாக இருந்தது, இந்த முறையில் 1.6 ஆக இறங்கியது. என்னைக் கேட்டால், மகப்பேறு மருத்துவத்தில் இந்த நூற்றாண்டின் பெரிய கண்டுபிடிப்பு அந்தக் கோடு போட்ட பைதான் என்பேன்.

இந்த ஊருக்கு இதில் ஒரு பழைய உறவு உண்டு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. உங்கள் பாட்டிமார் பிள்ளை பெற்றது திருவனந்தபுரத்து அரசாங்கத்தின் கீழ். அந்த அரசின் மருத்துவத் துறையை 1938இல் தலைமை ஏற்று நடத்தியவர் ஒரு பெண், டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். லண்டனில் படித்துவிட்டு வந்து 1916இல் தைக்காட்டுப் பெண்கள் மருத்துவமனைக்குப் பொறுப்பேற்றார். மருத்துவச்சிகளின் பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார். திருவிதாங்கூரின் முதல் சிசேரியனை 1920இல் செய்தவர் அவர்தான். நினைத்துப் பாருங்கள். ஆக்சிடோசினைச் செயற்கையாகத் தயாரிக்கக் கற்றதே 1953இல். டிரானெக்ஸாமிக் 1962இல். 1920இல் வயிற்றைத் திறந்த அந்த அம்மாவின் மேசையில் இவற்றில் எதுவுமே இல்லை. நம் மேசையில் எல்லாம் இருக்கிறது. பிறகென்ன சாக்கு?

தமிழ்நாட்டைக் குறை சொல்ல நான் வரவில்லை. 2001–03இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 134 தாய்மார் இறந்தார்கள், 2018–20இல் 54. அதே காலத்தில் நாட்டின் சராசரி 97. இது சும்மா வரவில்லை. 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி மூலை முடுக்கு நிலையத்துக்கும் அனுப்புகிறது. 2008இல் 108 வந்தது. இரவில் விளக்கெரிகிற ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தாள் என்று உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் வழக்கம் வந்தது. இருந்தாலும், புளியரையிலிருந்தோ மேக்கரையிலிருந்தோ ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டி வந்தால் அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். சீசன் நேரத்துக் கார் வரிசையும் மலையிறங்கும் லாரிகளும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அனுப்புகிற இடத்திலேயே முதல் ஊசி போட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். "அங்க போய்ப் பாத்துக்கிடுவாங்க" என்றால் மூன்று மணி நேரத்தில் பாதி சாலையிலேயே போய்விடும்.

இத்தோடு ஒரு எச்சரிக்கை. சிசேரியனுக்கு முதுகில் மயக்க ஊசி போடுகிறோம். அந்தத் தட்டில் மயக்க மருந்தின் சிறு கண்ணாடிக் குப்பி இருக்கும். டிரானெக்ஸாமிக்கும் சிறு கண்ணாடிக் குப்பிதான். இரண்டும் தண்ணீர் நிறம். அவசரத்தில் ஒன்றுக்கு ஒன்று மாறி, நரம்பில் போக வேண்டியது முதுகுத்தண்டில் போய்விட்டால் வலிப்பு வந்து உயிரே போகலாம். உலகத்தின் பல இடங்களில் நடந்து, 2022இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது. வழி என்ன? இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதே, ஒரே தட்டில் வைக்காதே, குப்பியின் பெயரை வாய்விட்டுப் படி. இங்கே வந்திருக்கும் செவிலிய மாணவிகள் இந்த ஒரு வரியையாவது குறித்துக்கொள்ளுங்கள், தாயே.

அறுவைச் சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடுப்பு, முழங்கால் மாற்றுவதில், இதய அறுவையில், கர்ப்பப்பைக் கட்டி எடுப்பதில் எல்லாம் இந்த மருந்து இப்போது வழக்கமாகிவிட்டது. 2022இல் 9,535 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் அறுவைக்குப் பின் பெரிய ரத்தப்போக்கு 11.7 சதவீதத்திலிருந்து 9.1க்கு இறங்கியது. அதற்காக ரத்தம் எங்கே வந்தாலும் இதைக் கொடு என்று பொருளில்லை. குடல், இரைப்பை ரத்தப்போக்கில் கொடுத்துப் பார்த்தார்கள், 2020இல் முடிவு வந்தது. பயனில்லை. காலில் ரத்தக்கட்டும் வலிப்பும்தான் கூடின. ரத்தசோகை உள்ள தாய்மாருக்கு ரத்தப்போக்கு வரும் முன்பே கொடுத்தால் தடுக்குமா என்றும் 15,000 பேரிடம் பார்த்தார்கள். தடுக்கவில்லை. மூட்டை அடுக்காத இடத்தில் பயனில்லை என்றேனே, நினைவிருக்கிறதா?

இப்போது என் மனதுக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். பிரசவ அறையில் சாவு சத்தம் போட்டு வருகிறது, எல்லோரும் ஓடுகிறோம். மாதவிலக்கில் போகிற ரத்தத்துக்கு யார் ஓடுகிறார்கள்?

பெரும்பாடு என்பார்கள் நம் பெரியவர்கள். வாழைப்பூத் துவையல் அரைத்துக் கொடுப்பார்கள், மாதுளம்பழத் தோலைக் காய வைத்துக் கொடுப்பார்கள். கொடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் அதோடு நின்றுவிடுகிறார்கள்.

நம் தென்காசி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். காலையில் வேலையெல்லாம் முடித்து, சொளகை மடியில் எடுத்து வைத்தால், இலை, தூள், நூல் என்று குனிந்த தலை நிமிராது. அப்படி ஒரு பெண் என்னிடம் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணிமையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே வெள்ளைத் தாள். "எவ்வளவும்மா போகுது?" என்றேன். "எப்பவும் போல தான் டாக்டரம்மா. எந்திச்சா காலோட வழியுது. அதான் அந்த மூணு நாளும் எந்திக்க மாட்டேன். அப்படியே உக்காந்து ஆயிரத்தையும் சுத்திட்டு, பிள்ளைய பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்கு முன்ன எந்திச்சு சாக்கைக் கழுவிப் போட்டுருவேன்" என்றார். அடியில் விரித்திருந்தது சாக்கு. "எத்தனை வருஷமா?" என்றேன். "எங்கம்மைக்கும் இப்படித்தான்" என்றார்.

எங்கம்மைக்கும் இப்படித்தான்! எத்தனை வாயிலிருந்து இந்த வரியைக் கேட்டிருக்கிறேன். அம்மைக்கும் அப்படி, அத்தைக்கும் அப்படி. எல்லோருக்கும் அப்படி என்றால் அது இயல்பாகிவிடுமா? மாதவிலக்கில் இயல்பாகப் போவது 30, 40 மில்லி. 80 மில்லி தாண்டினால் அது நோய். ஒரு மில்லி ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். மாதம் 200 மில்லி போகிற பெண் முருங்கைக்கீரையை எவ்வளவு சாப்பிட்டு அந்த நூறு மில்லிகிராமை ஈடுகட்டுவாள்? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மாதவிலக்கு காரணமில்லை. ஆனால் இரும்பு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டே இருக்கிறோம், கீழே போவதை யாரும் கேட்பதில்லை. இப்படி வற்றிய உடம்போடுதான் அவள் பிரசவத்துக்குப் போகிறாள். மற்றவர் தாங்குகிற ரத்த இழப்பை அவளால் தாங்க முடியாது.

அந்தப் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்தோம், நார்த்திசுக் கட்டி ஒன்று, பெரிதில்லை. டிரானெக்ஸாமிக் மாத்திரை கொடுத்தேன். 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஒரு நாளைக்கு மூன்று வேளை, ரத்தம் அதிகம் போகும் நாட்களில் மட்டும், அதிகபட்சம் நான்கைந்து நாள். மாதம் முழுக்கப் போடுகிற மாத்திரை இல்லை இது. ஹார்மோனும் இல்லை. பல பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போக்கு குறைகிறது. சிலருக்குக் குறைவதில்லை, அவர்களுக்கு மிரேனா போன்ற ஹார்மோன் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைக்கலாம், வேறு வழிகளும் உண்டு. அவருக்குக் குறைந்தது. கூடவே இரும்புச் சத்தும் ஏற்றினோம்.

வேறு இடத்தில் அவருக்கு என்ன சொல்லியிருந்தார்கள் தெரியுமா? "ரெண்டு பிள்ளை ஆச்சில்ல, கர்ப்பப்பையை எடுத்துரலாம்." முப்பத்தைந்து வயதில்! தேவைப்பட்டால் எடுக்கத்தான் வேண்டும், நானே எடுத்திருக்கிறேன். ஆனால் மாத்திரை ஒன்றைக்கூடக் கொடுத்துப் பார்க்காமல் கத்தியை எடுப்பதா? தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றல்களைக் கண்காணிக்கும்படி உச்ச நீதிமன்றமே 2023இல் மாநிலங்களுக்கு உத்தரவு போட வேண்டி வந்தது. எங்கள் தொழிலுக்கு அது பெருமையில்லை.

வயதுக்கு வந்த பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் ஒன்றிரண்டு ஆண்டு முன்பின்னாக வரும் என்பது உண்மைதான். ஆனால் ஆரம்பம் முதலே கொட்டுகிறது, பல் விழுந்தபோதும் நெடுநேரம் நிற்கவில்லை, மூக்கில் அடிக்கடி ரத்தம் என்றால் உறைதலிலேயே குறை இருக்கலாம். பின்லாந்தைச் சேர்ந்த ஆலந்துத் தீவுகளில் ஒரு குடும்பம். அந்த வீட்டுச் சிறுமி தன் நான்காவது மாதவிலக்கில் ரத்தம் நிற்காமல் 13 வயதில் இறந்துபோனாள். அதற்கு முன்பே அந்தக் குடும்பத்தை ஆராய்ந்து 1926இல் வான் வில்லிபிராண்ட் என்ற மருத்துவர் எழுதியிருந்ததால் அந்த நோய்க்கு அவர் பெயர். நம் ஊரில் அது இல்லை என்றா நினைக்கிறீர்கள்? கேட்பாரில்லை, அவ்வளவுதான்.

மாத்திரை என்றதும் மெடிக்கல் ஷாப் நினைவு வருகிறது. "ரத்தம் நிக்கிற மாத்திரை ஒரு அட்டை குடுங்கண்ணே" என்று கேட்டு வாங்குகிறார்கள். அண்ணன் எதைக் கொடுப்பார்? சில நேரம் டிரானெக்ஸாமிக், சில நேரம் வலி மாத்திரையும் சேர்ந்த கலவை, சில நேரம் நாரெத்திஸ்டெரோன். கடைசியாகச் சொன்னது ஹார்மோன். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும், நாள் இடிக்கிறது என்று தள்ளிப் போடச் சாப்பிடுகிறீர்களே, அதுதான். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் மொத்தமாக வரும். அதை டிரானெக்ஸாமிக் என்று நினைத்து அந்தந்த நாளுக்கு மட்டும் விழுங்கினால் கணக்கே குழம்பிப்போகும். சாஸ்தா ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார், அந்தச் சண்டை எனக்கு வேண்டாம். மாத்திரையின் பெயரையாவது தெரிந்து போடுங்கள் என்கிறேன்.

டிரானெக்ஸாமிக்கும் எல்லோருக்கும் ஆகாது. காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. சாப்பிடும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், பார்வை மங்கினாலும் உடனே நிறுத்திவிட்டு ஓடி வாருங்கள். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்த பின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது மாத்திரையால் நிறுத்துகிற காரியமில்லை. புற்றுநோய் இல்லை என்று சோதித்துத் தெளிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

எப்போது வர வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் என்று சில மணி நேரம் தொடர்ந்து மாற்ற வேண்டியிருந்தால். இரவில் அதற்காகவே எழ வேண்டியிருந்தால். பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுந்தால். ஏழு நாள் தாண்டினால். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு படபடத்துக் கிறுகிறுத்தால். இதில் ஒன்று இருந்தாலும் போதும்.

ஆண்களே, உங்களுக்கென்று பாதி வைத்திருக்கிறேன் என்று தொடக்கத்தில் சொன்னேன். உங்கள் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. இந்த மாதத்திலிருந்து எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தேதியில் நின்றது, அன்றன்று எத்தனை பேட் மாற்றினார்கள் என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். பென்சிலை நீங்களே வாங்கிக் கொடுங்கள். மூன்று மாதத் தாளோடு மருத்துவமனைக்கு வந்தால் எங்கள் வேலை பாதி முடிந்தது. வீட்டில் நிறைமாதக்காரி இருந்தால் அவளுடைய ரத்த வகை என்ன, கொடுக்க யார் யார் இருக்கிறார்கள், இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்பதை இன்றைக்கே எழுதி வையுங்கள். பிள்ளை பிறந்ததும் மிட்டாய் வாங்கக் கடைக்கு ஓடாமல் முதல் இரண்டு மணி நேரம் தாயின் பக்கத்தில் யாராவது இருங்கள். துணி நனைந்துகொண்டே இருந்தால் வெட்கப்படாமல் செவிலியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, மறுபடி கூப்பிடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் நானும் செவிலிய மாணவிகளும் இங்கேயே இருப்போம். ரத்த வகை தெரியாதவர்கள் விரலை நீட்டிவிட்டுப் போகலாம். ஆண்கள் முதலில் வாருங்கள். வணக்கம்.